ஓரணாச் சிற்றுண்டி

சென்னையில் நன்கறிந்த இடம் எது என்று மலேசியத் தமிழரைக் கேட்டால், மெரினாக் கடற்கரைக்கு முன்னதாகவே தி. நகரைச் சொல்லிவிடுவர். பட்டுப்புடைவைக்கும் தங்க நகைக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் அங்குச் சென்று வராத குடும்பம் நம்மிடையே குறைவு. கடைத்தெருவின் மூலைமுடுக்குகளையும், எந்தக் கடையில் விலை படியும் என்பதையும் நம் பெண்மணிகள் உள்ளங்கை நெல்லிக்கனிபோல் அறிவர். ஆயினும் அவ்வூர்ப் பெயரின் தலையில் நிற்கும் ‘தி’ என்னும் எழுத்து யாரைக் குறிக்கிறது என்று வினவினால் பலரும் சற்றே தயங்குவர். தியாகராய நகர் என்று விரித்துரைப்போர் உளர். உடனே திருவையாற்று இசைமேதை தியாகராசரை நினைத்துக் கைகூப்புவோரும் உளர். அவர் வேறு, இவர் வேறு. இவர் சர் பிட்டி தியாகராயர். பாட்டு இயற்றியவர் அல்லர்; பேரரசு ஆண்டவரும் அல்லர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்திருந்தவர்.

மாநகராட்சி உறுப்பினர் என்னும் சொல் நம் மாணவர் உள்ளத்தில் எந்த உருவத்தையும் எழுப்புவதில்லை. அமைச்சரை அவர்கள் அறிவர். பரிசளிப்பு விழாவில் மாலையோடு பார்த்திருக்கின்றனர். சட்டமன்ற உறுப்பினரையும் அறிவர். தேர்தல் காலத்தில் அவர் முகம் மரந்தோறும் தொங்கும். நகராண்மைக் கழக உறுப்பினர் மட்டும் முகமற்றவராகவே இருக்கிறார். இதற்கு அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. 1951ஆம் ஆண்டு திசம்பரில் பினாங்கு ஜார்ஜ்டவுனிலும், அதையடுத்து 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல்கள் நடைபெற்றன. நாட்டு விடுதலைக்கு முன்னரே, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் முன்னரே, நம் மக்கள் வாக்குச்சீட்டைக் கையில் எடுத்தது இந்தச் சின்ன மன்றங்களுக்காகத்தான். நம்மவரான டி. எஸ். இராமநாதன் 1958 முதல் 1961 வரை ஜார்ஜ்டவுன் மாநகரின் மேயராக வீற்றிருந்தார். பினாங்கில் ஒரு சாலை இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பின்னர், இந்தோனேசியாவுடனான எதிர்ப்போராட்டக் காலத்தில், 1965ஆம் ஆண்டு இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைப்படுத்திற்று. ஆகவே 1965க்குப் பின் வாக்களிக்கும் அகவையை எட்டிய எவரும் இந்நாட்டில் தம் நகராண்மைக் கழக உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது இல்லை. நானும் அவர்களுள் ஒருவன்.

ஆசிரியப் பணியில் இருந்தபோது ஆறாம் ஆண்டு மாணவர்க்கு உள்ளாட்சி பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. “உறுப்பினர் என்ன செய்வார், ஐயா?” என்று ஒரு மாணவன் கேட்டான். தெருவிளக்கு எரிகிறதா, கால்வாய் தூர்ந்துவிட்டதா, குப்பை அள்ளப்பட்டதா என்று பார்ப்பார் என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. தோட்டத்தில் அவ்வேலைகளைக் கங்காணி சொல்ல யார் யாரோ செய்கிறார்கள். அதற்கு ஒரு மன்றமா, ஓர் உறுப்பினரா என்பது அவர்கள் சிரிப்பின் பொருள். பாடப்புத்தகம் சொன்னதைத்தான் நான் சொன்னேன். அதில் தவறு இல்லை. என்றாலும் அச்சிரிப்புக்கு ஈடான ஒரு விடையை நான் தேடத் தொடங்கினேன். அத்தேடலில் கிடைத்தவரே தியாகராயர்.

அவர் 1852ஆம் ஆண்டு பிறந்தவர். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபினர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். செல்வர், அதை மறைக்க வேண்டியதில்லை. வடசென்னையில் வண்ணாரப்பேட்டைப் பகுதியில் அவர் தோற்றுவித்த பள்ளி பின்னாளில் கல்லூரியாக வளர்ந்து இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1880களில் மாநகராட்சி மன்றத்தில் நுழைந்தார். சென்னை மாநகராட்சியோ பழைமையானது, 1688இல் தொடங்கப்பெற்றது. பழைமை மிக்கதாயினும் மக்கள் குரல் ஓங்கி ஒலித்த மன்றம் அன்று அது. ஆங்கில அதிகாரியே தலைவர். உறுப்பினருள் ஒரு பகுதியினர் நியமனம் பெற்றோர். எஞ்சியோரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையும் வரி செலுத்துவோர்க்கே உரியது. அத்தகைய அவையில் ஒருவர் நாற்பதாண்டு அமர்ந்திருந்தார் என்றால், அவர் என்ன பேசியிருப்பார்? குடிநீர், சாக்கடை, சாலை, விளக்கு, வரி, பள்ளிக்கூடம். மீண்டும் குடிநீர், மீண்டும் சாக்கடை. கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் அமைந்து குழாய்வழி நல்ல நீர் வரத்தொடங்கியதே 1914ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னிருந்த சென்னையின் கோடைக்காலத்தை நாம் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நீரைப் பற்றிய ஒரு பூசலை மட்டும் இங்குச் சொல்லத் தோன்றுகிறது. டாக்டர் டி. எம். நாயர் திருவல்லிக்கேணிப் பகுதியின் உறுப்பினர். பெரும் படிப்பாளி, நாவன்மை மிக்கவர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் திருக்குளத்து நீர் பற்றிய சிக்கல் மன்றத்தின் முன் வந்தது. தியாகராயர் ஒரு பக்கம், நாயர் மறுபக்கம். வாதம் முற்றி நாயர் தம் உறுப்பினர் பதவியையே துறக்கும் அளவுக்குச் சென்றது. ஒரு குளத்து நீருக்காக இருபெரும் மனிதர் பகைத்துக்கொண்டனர் என்று நாம் நகைக்கலாம். ஆனால் நகரத்து நீரை யார்க்கு, எவ்வளவு, எவர் செலவில் கொடுப்பது என்பதைவிட ஒரு நகர மன்றத்துக்குப் பெரிய கேள்வி உண்டோ? அவர்களை மீண்டும் ஒன்றுசேர்த்த பெருமை டாக்டர் சி. நடேசனாரைச் சாரும். 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தபோது, குளத்து நீரால் பிரிந்த இருவரும் ஒரே மேடையில் நின்றனர். அச்சங்கம் தன் ஆங்கில நாளிதழின் பெயரால் நீதிக்கட்சி என்று வழங்கலாயிற்று. அதன் அரசியல் பற்றி எழுதியோர் பலர். நான் அப்பக்கம் செல்லவில்லை.

1920ஆம் ஆண்டு இறுதியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன், கட்சித் தலைவரான தியாகராயரையே முதலமைச்சராகப் பொறுப்பேற்க அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். அப்பதவி கடலூர் சுப்பராயலு ரெட்டியார்க்குச் சென்றது. மாகாணத்தின் முதற்பதவியை வேண்டாவென்று விலக்கியவர் மாநகராட்சியை விடவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அம்மன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராக விளங்கினார். மேயர் என்னும் பெயர் அப்போது இல்லை. அது 1933இல் வந்தது. மன்றத்தலைவர் அவைக்குத் தலைமை தாங்குவார். முடிவுகளைச் செயற்படுத்தும் அதிகாரம் அரசு அமர்த்திய ஆணையரிடம் இருந்தது. தலைவர் என்ற பெயர் பெரிது, கையிருப்பு அதிகாரம் சிறிது. இதை நினைவிற் கொண்டால்தான் அடுத்து வரும் செய்தியின் அருமை விளங்கும்.

தியாகராயரைப் போற்றுவோர் அவரை ‘வெள்ளுடை வேந்தர்’ என்பர். 1922ஆம் ஆண்டு வேல்சு இளவரசர் சென்னைக்கு வந்தபோது வழக்கமான அரண்மனை உடை அணியாமல் தம் வெள்ளை வேட்டி சட்டையோடே நின்று வரவேற்றார் என்பதைப் பெருமிதத்தோடு சொல்வர். சொல்லட்டும்; தவறில்லை. எனக்கு அவருடைய வெள்ளாடையைவிட அவர் கேட்ட ஓரணாவின்மேல்தான் விருப்பம் மிகுதி.

1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள். மன்றத்தின் முன் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கவேண்டும். செலவு ஒரு மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகலாகாது. அவ்வளவே. தியாகராயர் அதற்குக் கூறிய காரணத்தை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். அப்பள்ளியிற் படிக்கும் பிள்ளைகள் மிக வறியவர். அவ்வறுமையால் பள்ளியின் மாணவர் தொகை பாதிக்கப்படுகிறது என்பதே அவர் வாதம். பசித்த குழந்தையின் கண்ணீரைப் பற்றி அவர் அங்கு விரித்துரைத்ததாகத் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசினார். அங்கேதான் அந்த நாற்பதாண்டுப் பட்டறிவு தெரிகிறது என்பேன். மன்றத்தில் இரக்கத்துக்குக் கைதட்டல் கிடைக்கும். கணக்குக்குத்தான் பணம் கிடைக்கும். மாநகராட்சி பள்ளி நடத்துகிறது. பள்ளிக்குக் கட்டடமும் ஆசிரியரும் அமைத்தாயிற்று. பிள்ளைகள் வரவில்லையெனில் அச்செலவெல்லாம் வீண். ஓரணா கொடுத்தால் அந்த வீண்செலவு பயனாகும். கருணையைக் கணக்கின் மொழியில் பெயர்த்துச் சொல்ல அறிந்திருந்தார் அவர்.

ஓரணா என்றால் இக்கால மாணவர்க்கு விளங்காது. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆகவே ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகள் பசியாறினர். நம் வகுப்புகளில் மனக்கணக்குக்கு இதைவிட நல்ல கணக்கு அமையாது.

இத்திட்டம் அந்த ஒரு பள்ளியோடு நிற்கவில்லை; மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. அப்பள்ளிகளில் 1922–23ஆம் கல்வியாண்டில் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924–25ஆம் ஆண்டில் 1,671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல். ‘தொகை பாதிக்கப்படுகிறது’ என்று அவர் கூறிய வாதத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இன்னொன்றையும் இங்கு எண்ணவேண்டும். வரி செலுத்துவோர்க்கே வாக்கு என்றிருந்த அக்காலத்தில், அந்த வறிய பிள்ளைகளின் பெற்றோருள் எத்தனை பேர்க்கு வாக்கு இருந்திருக்கும்? வாக்களிக்க இயலாதவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக, வாக்காளர் தந்த வரிப்பணத்தை அவர் கேட்டு வாங்கினார்.

மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபிக்குத் தணிக்கையாளர் இல்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்துக்குக் கணக்கு எதற்கு? மாநகராட்சியின் சோற்றுப் பானைக்குக் கணக்கு உண்டு. எந்த நிதியிலிருந்து, எந்தத் தலைப்பின்கீழ், எவருடைய ஒப்புதலோடு என்று மூன்று கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அடுப்பு எரியும். இச்சிற்றுண்டிச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்க அரசு இசையவில்லை. உணவு வேறு, கல்வி வேறு என்பது அரசின் நோக்கு. முடிவில் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளோடு சிற்றுண்டி நின்றது. முந்தைய ஆண்டில் மாணவர் தொகை இரு மடங்கானது என்பதை எவரும் மறுக்கவில்லை. உணவு தீயது என்றும் எவரும் சொல்லவில்லை. தலைப்பு மட்டும் பொருந்தவில்லை. அன்று மாகாண அமைச்சரவையில் வீற்றிருந்தோர் தியாகராயரின் கட்சியினரே என்பதை எண்ணும்போது வேதனை மிகுகிறது. அது இரட்டையாட்சிக் காலம். கல்வி அமைச்சரிடமும் நிதி ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமும் இருந்த காலம். கதவு யார் கையால் மூடப்பட்டது என்று ஆராய்வதைவிட, மூடப்பட்ட கதவுக்கு வெளியே தட்டேந்தி நின்றோர் யார் என்பதே எனக்கு முன்னே வந்து நிற்கிறது. தியாகராயரும் அதே 1925ஆம் ஆண்டில் மறைந்தார்.

பின்னர் மாநகராட்சி மீண்டும் அரசிடம் முறையிட்டது. திட்டம் மறுபடி உயிர்பெற்று இருபத்தைந்து பள்ளிகளில் ஆயிரம் ஏழை மாணவர்க்கு உணவளித்தது. முன்பு ஐந்து பள்ளிகளில் ஊன்றிய வேர் வெட்டுண்டபின் வேறிடத்தில் தழைத்தது எனலாம். தனியொருவர் கொடை என்றால் அவர் மறைவோடு அதுவும் மறைந்திருக்கும். தீர்மானம் என்பது மன்றத்தின் ஏட்டில் கிடக்கும்; எடுத்துக்காட்ட ஒருவர் வரும்வரை காத்திருக்கும்.

ஒரு பெரியவரைப் பற்றி எழுதும்போது அவரைக் குறையேயில்லாத பொற்பதுமையாக்கும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. நான் அதை விரும்பவில்லை. 1921ஆம் ஆண்டு சென்னைப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறிப் புளியந்தோப்பு எரிந்தபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் நடந்துகொண்ட முறை ஆதி திராவிட மக்களின் மனத்தைப் புண்படுத்திற்று. அவர்தம் தலைவர் எம். சி. இராசா பின்னர் அக்கட்சியை விட்டே விலகினார். அக்கட்சியின் தலைவர் தியாகராயர்தாம். ஏழைப் பிள்ளைகளின் தட்டைக் கண்ட கண்கள் ஏழைத் தொழிலாளரின் குடிசையையும் ஒருபடித்தாய்க் கண்டனவா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை அத்துணை இனிமையானதன்று. இதை மாணவர்க்கு மறைக்க வேண்டியதில்லை. ஒரு மனிதர் ஓரிடத்தில் தெளிவாகவும் மற்றோரிடத்தில் மங்கலாகவும் பார்க்கக்கூடும் என்று அறிந்துகொள்வதும் கல்வியே.

1981ஆம் ஆண்டு மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்குச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் சென்னையில் இரண்டு நாள் தங்கினேன். உடன் வந்த நண்பர்கள் தி. நகர்க் கடைகளுக்குப் புறப்பட, நான் மட்டும் மாநகராட்சி அலுவலகமாகிய ரிப்பன் மாளிகைக்குச் சென்றேன். 1913இல் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம் அது. முன்றிலில் தியாகராயர் சிலை. அருகே ஒரு முதியவர் குடிநீர்க் குழாய் இணைப்புக்கான மனுவைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். எந்த அறைக்குச் செல்லவேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் அயலூரான் என்றேன். “உள்ளே போனால் நாலு மேசை சுற்றணும், தம்பி, கவுன்சிலர் ஒருத்தர் இருந்தாலாவது வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம்” என்றார். அப்போது சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. 1973இல் கலைந்த மன்றம் 1996இல்தான் தேர்தல் கண்டு மீண்டும் கூடிற்று. இருபத்து மூன்று ஆண்டுகள் அந்நகரமும் நம் நகரங்களைப் போலவே தேர்ந்தெடுத்த உறுப்பினர் இன்றி இருந்தது. என் மாணவன் கேட்ட கேள்விக்கு அம்முதியவர் ஒரே வரியில் விடை சொல்லிவிட்டார். உறுப்பினர் என்பவர் நம்மால் வாசலில் போய் நின்று கேட்கக்கூடியவர்.

ஓரணாவில் தொடங்கியது இன்று எங்கெங்கோ பரந்துவிட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தமிழகத்தின் பள்ளிகளுக்குச் சென்றது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டமும் மதுரையில் தொடங்கியது. இவற்றின் பெருமையை உரிய தலைவர்களுக்கு வழங்குவது முறையே. நூறாண்டுக்கு முன் ஒரு மாநகர மன்றம், ஒரு பள்ளி, ஓரணா என்று அளந்து கேட்ட அந்தச் சிறு தீர்மானத்தையும் அருகில் வைத்து எண்ணுவது இன்னும் முறை.

நம் நாட்டில் கூடுதல் உணவுத் திட்டம் 1979இல் தொடங்கியது. அப்போது நான் ஓர் இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி வந்தேன். பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிடுவர். பிள்ளைகளுள் பலர் முந்திய இரவின் சோற்றோடோ, வெறும் வரக்காப்பியோடோ, அதுவுமின்றியோ பள்ளிக்கு வருவர். காலை ஒன்பது மணிக்கு மேல் அவர்கள் கண்கள் செருகத் தொடங்கும், எழுத்துப்பிழை கூடும், முன்வரிசையில் ஒருத்தி மேசைமேல் தலை சாய்ப்பாள். அதைச் சோம்பல் என்று எழுதிய அறிக்கைகளும் உண்டு. உணவு வந்த நாள் முதல் இடைவேளைக்குப் பின் நடத்தும் பாடத்துக்குக் கணக்கை மாற்றிக்கொண்டேன். சம்பளத்துக்கு முந்திய கிழமைகளில் வராமல் நின்றுவிடும் சில பெயர்களுக்கு நேராகவும் பதிவேட்டில் வருகைக்குறி விழலாயிற்று. பயனாளர் பட்டியலுக்குக் குடும்ப வருமானம் கேட்டு எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூவர் பெயரைத்தான் சேர்க்க இடமிருந்தது. தாய் சற்று நேரம் யோசித்துவிட்டு, “சின்னதுங்க மூணு பேரையும் எழுதிக்குங்க ஐயா, பெருசுங்க பசி பொறுத்துக்கும்” என்றாள். எழுதிக்கொண்டேன். மறுநாள் இடைவேளையில் அந்த மூவரும் தத்தம் முட்டையில் பாதியைத் தாளில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அண்ணன்மார் நின்ற கொன்றை மரத்தடிக்கு ஓடினர்.